ஹெச்சி-12 ரேடியோவில் ஏடி கட்டளைக்குப் பதில் இல்லை, தகவலும் பாதி பாதியாக வருகிறது. என்ன செய்வது?

இரண்டு அர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன போர்டு), இரண்டு ஹெச்சி-12 (கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் ரேடியோ மாட்யூல்). மாட்யூலின் அமைப்பை மாற்றும் கட்டளையான 'ஏடி' அனுப்பினால் 'ஓகே' வரவில்லை, 28.46 என்று அனுப்பிய வெப்பநிலை சில நேரம் 8.4 என்று வந்து சேர்கிறது. இதுதானே உங்கள் கேள்வி? இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

முதலில் கட்டளை. செட் பின்னை கிரவுண்டோடு இணைத்தால்தான் மாட்யூல் கட்டளையைக் கேட்கும். இணைத்ததும் 40 மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும், விட்ட பிறகு 80. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பாட் ரேட்டை (சீரியலில் தகவல் போகும் வேகம்) யாரோ மாற்றி வைத்து மறந்துவிட்டார்களா? பவரை எடுங்கள், செட்டை கிரவுண்டில் வைத்துக்கொண்டே திரும்பப் பவர் கொடுங்கள். முன்பு எதுவாக இருந்தாலும் இப்போது 9600-இல் பேசும். 'ஏடி+ஆர்எக்ஸ்' கொடுத்தால் பாட் ரேட், சேனல், அனுப்பும் பவர், மோடு நான்கையும் காட்டும். இரண்டு மாட்யூலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அனுப்பும் பவரைத் தவிர மற்ற மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். பாட் ரேட் மாறினால் காற்றில் போகும் வேகமும் மாறும் என்பதால் 9600-உம் 19200-உம் ஒன்றையொன்று கேட்காது. (4800-உம் 9600-உம் கேட்கும், இரண்டுக்கும் காற்றில் ஒரே வேகம்.)

மின்சாரத்தை ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காதீர்கள். முழு பவரில் அனுப்பும்போது மாட்யூல் 100 மில்லிஆம்ப் வரை இழுக்கும், அந்தப் பின் தருவது 50தான். 5 வோல்ட்டில் கொடுத்து, மாட்யூலை ஒட்டி ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள், 100 மைக்ரோஃபாரட் போதும்.

இனி தகவல். ஹெச்சி-12 என்பது கம்பியில்லாத ஒரு கம்பி, அவ்வளவுதான். ஒரு செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. முதல் பைட் தொலைந்தால் 28.46 என்பது 8.46 ஆகிவிடும், பார்த்தால் ஒழுங்கான எண் மாதிரியே இருக்கும். அதனால் வெறும் எண்ணை அனுப்பாமல் இப்படிக் கட்டி அனுப்புங்கள்:

<03,117,2846*060>

03 அனுப்புகிற கருவியின் எண், 117 வரிசை எண், 2846 என்பது நூறால் பெருக்கிய வெப்பநிலை. 060 என்பது '<'-க்கும் '*'-க்கும் நடுவே உள்ள எழுத்துகளின் ஆஸ்கி மதிப்புகளை (ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) ஒவ்வொன்றாக எக்ஸ்-ஆர் (பிட்டுகளை ஒப்பிடும் கணக்கு) செய்தால் வருவது, வாங்கும் பக்கம் சரிபார்க்க. பெருக்கிய பிறகு ரவுண்டு செய்யாமல் இன்டீஜராக மாற்றினால் 2846 சில நேரம் 2845 ஆகிவிடும், கவனம். 116-க்குப் பிறகு 118 வந்தால் நடுவில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். எக்ஸ்-ஆர் எண்ணால் இதைச் சொல்ல முடியாது.

வாங்கும் பக்கம் ஒவ்வொரு லூப்பிலும் வந்திருக்கிற எழுத்துகளை மட்டும் எடுங்கள். '<' வந்தால் பஃபரை (எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் இடம்) காலி செய்யுங்கள், '>' வந்தால் சரிபாருங்கள், 24 எழுத்தைத் தாண்டினால் தூக்கி எறியுங்கள். ரீட்ஸ்ட்ரிங் வேண்டாம், அது ஒரு செகண்ட் வரை காத்துக்கிடக்கும். நிரலை நிறுத்தி வைக்கும் டிலே-யும் வேண்டாம். ஊனோவின் சீரியல் பஃபர் 64 பைட், 9600-இல் 67 மில்லிசெகண்டில் நிரம்பிவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும். 8.4 பாதி நேரம் ரேடியோவின் தப்பே இல்லை, இதனால்தான்.

ஒரே மேசையில் வைத்துச் சோதிக்கிறீர்கள் என்றால் 'ஏடி+பி1' கொடுத்து பவரைக் குறையுங்கள். முழு பவரில் இரண்டும் ஒட்டி இருந்தால் வாங்கும் பக்கம் திணறும்.