முழங்கையில் எலும்பு முள்: ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 53 வயது. தச்சு வேலை செய்கிறேன். ஓராண்டாக வலது முழங்கையை முழுதாக நீட்ட முடியவில்லை. நீட்டினால் பின்பக்கம் சுருக்கென்று வலிக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கால்சியம் கூடிவிட்டது, பாலை நிறுத்து என்கிறார் ஒருவர். எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் கரைந்துவிடும் என்கிறார் இன்னொருவர். ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டுமா? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: நீவிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். முழங்கை முரட்டுத்தனத்தைத் தாங்காத மூட்டு. பலமாகப் பிசைந்தாலோ பிடித்து இழுத்து நீட்டினாலோ, குறிப்பாக முன்பு அடிபட்ட கையில், சுற்றியுள்ள தசைக்குள்ளேயே புதிதாக எலும்பு படியக்கூடும். எலும்பு முள் உங்கள் சொந்த எலும்புதான். எந்த எண்ணெயும் அதைக் கரைக்காது. பாலை நிறுத்தவும் வேண்டாம். குருத்தெலும்பு தேயும் மூட்டில், அதன் ஓரங்களில் உடல் புது எலும்பை வளர்க்கிறது. நீங்கள் சாப்பிடும் கால்சியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வருடக்கணக்கில் கையால் கடும் வேலை செய்பவர்களுக்கும், பழைய எலும்பு முறிவு உள்ளவர்களுக்கும், பந்து எறியும் விளையாட்டு வீரர்களுக்கும் இது வருவதுண்டு.

கையை நீட்டும்போது முழங்கையின் பின்புற எலும்பு முனை, மேற்கை எலும்பில் உள்ள ஒரு குழிக்குள் போய் உட்கார வேண்டும். அந்த முனையிலோ குழியிலோ முள் வளர்ந்துவிட்டால், கதவுக்கு அடியில் ஆப்பு வைத்ததுபோலக் கை பாதியில் நின்றுவிடும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். முள் முன்பக்கம் இருந்தால் மடக்குவது தடைபடும்.

ஆனால் எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரும் அறுவைக்குப் போக வேண்டியதில்லை. முள் இருந்தும் ஒரு வலியும் இல்லாதவர்கள் நிறையப் பேர். வலி எந்த இடத்தில் வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கையை மெதுவாக மடக்கி நீட்டிப் பாருங்கள். கடைசியில், இதற்கு மேல் போகாது என்கிற இடத்தில் மட்டும் வலித்தால் முள் இடிக்கிறது என்று பொருள். நடுவிலேயே, அசைவு முழுக்க வலித்தால் உள்ளே குருத்தெலும்பு நன்றாகத் தேய்ந்திருக்கலாம். அப்போது முள்ளை மட்டும் எடுப்பதால் பெரிய பலன் கிடைக்காது. திடீரென்று கை சிக்கிக்கொண்டு, கொஞ்சம் ஆட்டினால் விடுபடுகிறதா? மூட்டுக்குள் எலும்புத் துணுக்கு உலவக்கூடும். இதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயைவிட இது அவருக்கு அதிகம் உதவும். அறுவை என்று முடிவானால் முள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் பார்க்க சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள்.

இன்னொன்று. கை முழுதாக நீண்டிருப்பதை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முழங்கை 30 டிகிரி முதல் 130 டிகிரி வரை அசைந்தால் போதும். கடைசி 20 டிகிரி நீளாமல் இருப்பது கண்ணுக்குக் குறையாகத் தெரியலாம்; வேலையைக் கெடுக்காவிட்டால் அதை அப்படியே விடலாம் என்பதே என் கருத்து.

எனவே முதலில் மூன்று மாதமாவது எளிய வழிகளைப் பாருங்கள். கையை வேகமாக, முழுதாக நீட்டும் வேலைகளைக் குறையுங்கள். சுத்தியலுக்குப் பதில் முடிந்த இடத்தில் ஸ்க்ரூ இயந்திரம் பயன்படுத்துங்கள். வலி கூடிய நாளில் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். அப்புறம் பிசியோதெரபி, வலி தாங்கும் எல்லைக்குள் மட்டும். வலி மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் பல இரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் அல்லது சில மாதம் வலியை அடக்கும், முள்ளைத் தொடாது. அறுவை செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய மாதங்களில் ஊசி வேண்டாம். தொற்று அபாயம் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேலை செய்ய முடியவில்லை, வலியும் கடைசி அசைவில்தான் என்றால் அறுவை நல்ல வழி. சிறு துளைகள் வழியாக கேமரா விட்டு முள்ளைச் செதுக்கி எடுக்கலாம். சிலருக்குத் திறந்து செய்ய வேண்டியிருக்கும். வலியும் அசைவும் பெரும்பாலும் நன்றாகவே தேறும். ஆனால் உடனே பயிற்சி தொடங்க வேண்டும், காலப்போக்கில் முள் மறுபடி வளரவும் செய்யலாம். நரம்புகள் மிக அருகில் ஓடுவதால், முழங்கை அறுவையை அடிக்கடி செய்பவரிடமே போங்கள். செயற்கை மூட்டு உங்களுக்கு ஏற்றதல்ல. அதைப் பொருத்தியவர்கள் வாழ்நாள் முழுவதும் கனமான எதையும் தூக்கக் கூடாது. தச்சு வேலைக்கு அது ஒத்துவராது.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றனவா? முழங்கையின் உட்பக்கம் ஓடும் நரம்பை முள்ளோ வீக்கமோ அழுத்தினால் அப்படி ஆகும். உளியைப் பிடிக்கும் பிடி தளர்ந்திருந்தாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றியிருந்தாலோ மேலே சொன்ன மூன்று மாதக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பார்த்து நரம்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முழங்கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.