வாங்குமுன் கேளுங்கள்: ‘இரண்டடி’ என்றால் எத்தனை மில்லிமீட்டர்?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூர் மேசைப் போர் விளையாட்டுக்காரர்கள் எழுதியவை. மினியேச்சர் வீரர்களுக்காக வீட்டிலேயே மலையும் ஓடையும் இடிந்த கோட்டையும் செய்பவர்கள்.

ஸ்டைரோஃபோம் பாறைக்கு ஸ்ப்ரே சாயம் அடித்தேன். குழிகுழியாகக் கரைந்துவிட்டது. சாயம் போலியா? (ஈசூன்)

போலியில்லை. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான், ஸ்டைரோஃபோமின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். பிவிஏ என்ற வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் சாயம் கலந்து, அடிப்பக்கம் உட்பட எங்கும் விடுபடாமல் தூரிகையால் இரண்டு பூச்சு கொடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் ஸ்ப்ரே அடிக்கலாம். சூப்பர் குளூவும் ஃபோமைக் கரைக்கும், அதையும் தொடாதீர்கள். கடைக்காரர்மேல் பழியில்லை.

இணையக் கடையில் எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டி ஃபோம் பலகை 10 வாங்கினேன், 84 வெள்ளி. வந்ததோ மணிமணியாக உதிரும் வெள்ளை ஸ்டைரோஃபோம். “எல்லாம் ஃபோம்தானே” என்கிறார் விற்றவர். (பொங்கோல்)

எல்லாம் ஒன்றல்ல. எக்ஸ்பிஎஸ் நெருக்கமானது; பேனா முனையால் அழுத்தினாலே செங்கல் கோடு பதியும். வெள்ளை ஃபோமில் அதே கோட்டை இழுத்தால் மணிகள் பிய்ந்து வரும். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், விட்டுவிடாதீர்கள். அவர்கள் விளம்பரத்தை மாற்றுமுன் படம்பிடித்து வையுங்கள். சொன்ன பொருளைத் தராத வணிகரிடம் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்க, 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம் துணை நிற்கிறது. கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத பயனீட்டாளர் வழக்குக்குக் கட்டணம் 10 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை.

போர்க்களத் தளமாக மேசைமேல் சேர்த்து அடுக்க, தயாராக வெட்டிய இரண்டடிச் சதுரப் பலகைகளை இரண்டு கடைகளில் வாங்கினேன். ஒன்றோடொன்று பொருந்தவில்லை. (புக்கிட் பாத்தோக்)

பல ஆண்டுகளாக என் மனத்தில் இருக்கும் குறை இது. இரண்டடி என்றால் 609.6 மில்லிமீட்டர். 600 மில்லிமீட்டருக்கு வெட்டிவிட்டு ‘இரண்டடி’ என்று எழுதுகிறார்கள். ஒரு பலகையில் கண்ணுக்குத் தெரியாது. ஆறடி மேசைக்கு மூன்றை வரிசையாக வைத்தால் கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர் குறையும்.

நானும் அப்படித்தான் ஒரு கடையில் எம்டிஎஃப் என்ற மரநார் அழுத்திய பலகைகள் வாங்கினேன். வீட்டிலிருந்த பழைய பலகைகளோடு மூலைக்கு மூலை சேர்த்தேன். ஓடை ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் நட்டநடுவில்தான் முடிகிறது; ஆனால் இணைப்பில் கரை ஐந்து மில்லிமீட்டர் விலகி நின்றது. விளிம்பில் பதித்த காந்தங்களும் ஒன்றையொன்று பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசிய பலகைகள் நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டே மாதத்தில் வளைந்துவிட்டன. இப்படிச் சேர்த்து அடுக்கும் பலகைகளை ‘மாடுலர்’ என்று விற்கிறார்கள். மாடுலர் என்பதன் பொருளே எந்தப் பலகையும் எந்தப் பலகையோடும் சேரும் என்பதுதான். அதை நம்பித்தானே காசு கொடுக்கிறோம்? அளவை மில்லிமீட்டரில் போடாத கடையில் வாங்காதீர்கள். இதைவிட, எட்டுக்கு நாலடி ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி மரக்கடையிலேயே எட்டாக வெட்டச் சொல்லுங்கள். ரம்பம் தின்பதில் ஓரிரு மில்லிமீட்டர் போகும், போகட்டும். எட்டும் ஒரே அளவாக இருந்தால் போதும். ஆறுக்கு நாலடி மேசைக்கு ஆறு, மாற்றி வைக்க இரண்டு. இரு பக்கமும், நான்கு விளிம்பும் பூச்சுக் கொடுத்தபின் ஓடை வரையுங்கள்.

மலிவாகக் கிடைத்ததென்று வெளிநாட்டிலிருந்து, சூட்டுக்கம்பியால் ஃபோம் வெட்டும் கருவி ஒன்றை வரவழைத்தேன். அடாப்டர் போட்டுச் செருகியதும் புகைந்துவிட்டது. பணம் திரும்புமா? (செங்காங்)

அதன்மேல் 110 வோல்ட் என்று எழுதியிருப்பதாக நீங்களே சொல்கிறீர்கள். இங்கே 230. அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை அல்ல. திரும்பாது.

மண் தரைக்குக் காய்ந்த கோப்பித்தூள் ஒட்டலாமா? (பிடோக்)

வேண்டாம், பூசணம் பிடிக்கும். மீன்தொட்டிக் கடையில் நுண்மணல் வாங்குங்கள்.

உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். கோட்டை செட்டுக்கு 120 வெள்ளியைப் பேநவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்று மூலம் அனுப்பினேன். விற்றவர் கணக்கையே மூடிவிட்டார். ஒரு வருடச் சேமிப்பு. (தெம்பனிஸ்)

தம்பி, படிக்கவே மனம் கனத்தது. தப்பு உங்களுடையதல்ல, திருடியவருடையது. இந்த வரியைப் படித்ததும் முதலில் வங்கியை அழையுங்கள். பிறகு உரையாடலையும் பணம் அனுப்பிய ரசீதையும் எடுத்துக்கொண்டு போலிசில் புகார் கொடுங்கள். என்ன செய்வதென்று குழம்பினால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணில் எந்நேரமும் கேட்கலாம். பணம் அம்மாவின் கணக்கிலிருந்து போயிருந்தால் வங்கியிடம் அவர்தான் பேசவேண்டியிருக்கும். அதனால் இன்றிரவே அவரிடம் சொல்லிவிடுங்கள்.