பழைய வழக்குகளைக் கணினியில் போட்டால் ஜெயிப்போமா என்று தெரியுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி இது. செம்பனைக் குலை திருடியதாகச் சொல்லி, விசாரணையே வைக்காமல், 15 வருடம் உழைத்த அப்பாவைத் தோட்ட வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம்.

கணினி தீர்ப்பு சொல்லாது தம்பி. எதிர்த்தரப்பு என்ன பேசும் என்று காட்டும், அதுவே பெரிய உதவி. 1980களில் அமெரிக்காவில் கெவின் ஆஷ்லி உருவாக்கிய 'ஹைப்போ' நிரல், வணிக ரகசிய வழக்குகளில் இதைத்தான் செய்தது. நமக்குச் சாதகமான பழைய வழக்கை எடுத்து நீட்டும். உடனே எதிராளியாக மாறி, "அந்தச் சங்கதி வேறு, இது வேறு" என்று வெட்டும். அப்புறம் அதற்கும் பதில் தேடும்.

அப்பாவின் வழக்கையும் இப்படிப் பார்ப்போம். அவருடைய நீண்ட சேவை நம் பக்கம். மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) சாட்சி சொன்னால் அது அவர்கள் பக்கம். தோட்ட நிர்வாகம் விசாரணை வைக்காதது? அதிலேயே ஜெயித்துவிடலாம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் குறையைத் தொழில் நீதிமன்றமே விசாரித்துச் சரிசெய்யலாம் என்று 1995இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதகங்களை வெறுமனே எண்ணும் நிரல் இங்கேதான் கோட்டைவிடும்.

சாட்ஜிபிடியைக் கேட்பதென்றால் ஜாக்கிரதை. அது இட்டுக்கட்டிய வழக்குகளைத் தாக்கல் செய்த நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அது சொல்லும் தீர்ப்பு தொழில் நீதிமன்ற இணையதளத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

சரி, இதெல்லாம் மெதுவாகப் பார்க்கலாம். நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுத்துவிடுங்கள்.