அலைபேசி அதிராதபோதும் விழித்துக்கொள்கிறேன்: தூக்க மாத்திரை எடுக்கலாமா?

கேள்வி: வயது 34. சைபர் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் சுழற்சி முறை வேலை. மாதத்தில் ஒரு வாரம் இரவிலும் அவசர அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டும். அலைபேசி அதிர்ந்ததுபோல் தோன்றி நள்ளிரவில் எழுந்துவிடுகிறேன். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வேலை நேரத்தில், திரையில் வரும் எச்சரிக்கைகளைப் படிக்காமலேயே மூடுகிறேன். அண்மையில் உண்மையான ஊடுருவல் ஒன்றைத் தவறவிட இருந்தேன். விடுப்பு எடுத்தும் களைப்பு தீரவில்லை. எனக்குப் பொறுப்பு குறைந்துவிட்டதா? தூக்க மாத்திரை உதவுமா?

பதில்: பொறுப்பு குறைந்தவர் இப்படிக் கடிதம் எழுத மாட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இதையே பார்க்கிறோம். அங்கே கருவிகள் ஓயாமல் ஒலிக்கும். பெரும்பாலானவை எதுவும் செய்யத் தேவையில்லாத ஒலிகள். கேட்டுக் கேட்டு, அக்கறையுள்ள செவிலியரின் காதும் மரத்துப்போகிறது. இதற்கு எச்சரிக்கைச் சோர்வு என்று பெயர். செவிலியரைக் கடிந்துகொள்வதால் இது தீராது. வீண் ஒலிகளைக் குறைத்தால்தான் தீரும். உங்கள் இடத்திலும் அப்படித்தான். ஒரு வாரம் வந்த எச்சரிக்கைகள் எத்தனை, அவற்றில் நடவடிக்கை தேவைப்பட்டவை எத்தனை என்று எண்ணி மேலாளரிடம் காட்டுங்கள். களைத்திருக்கிறேன் என்று சொல்வதைவிட அந்தக் கணக்கு அழுத்தமாகப் பேசும். எச்சரிக்கை எப்போது எழ வேண்டும் என்ற விதிகளைச் சீரமைப்பதை உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

மாத்திரையை நீங்களாகத் தொடங்க வேண்டாம். குறிப்பாக, அழைப்பு வாரத்தில் வேண்டவே வேண்டாம். மருந்து மயக்கத்தில் எழுந்து முடிவெடுப்பது ஆபத்து. அழைப்பு வராவிட்டாலும், வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பே தூக்கத்தை மேலோட்டமாக்கும். ஆகவே அழைப்புப் பொறுப்பு இல்லாத வாரங்களில் அலைபேசி படுக்கையறைக்குள் வரக் கூடாது. இரவு முழுவதும் ஊடுருவலைக் கையாண்டால் மறுநாள் ஓய்வு என்பது பணி அட்டவணையிலேயே இருக்க வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் எதிர்வினை, ரத்தத்தில் 0.05 சதவீத மதுவுள்ளவரின் அளவுக்கு மந்தமாகிறது. அந்த நிலையில் வண்டியும் ஓட்டாதீர்கள். காபியில் உள்ள காஃபீனில் பாதி, குடித்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது, விடுப்பிலும் களைப்பு தீரவில்லை என்ற வரி. கடும் களைப்பு, வேலைமீது வெறுப்பு அல்லது விலகல், திறன் குறைந்த உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்ததைப் பணிச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரு நோயாக அது வகைப்படுத்தவில்லை. வேலையிடம் சார்ந்த நிலை என்றே சொல்கிறது. ஆனால் வேலையை விட்டு விலகியிருக்கும்போதும் எதிலும் நாட்டமின்றி, மனம் இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்ந்தே கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, நன்றாகப் பலனும் தரும். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி12 குறைவு ஆகியவையும் இதே களைப்பைத் தரும். குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள்; தூக்கத்தில் மூச்சுத் தடையும் காரணமாக இருக்கலாம்.

இந்த வாரமே பொது மருத்துவரைப் பாருங்கள். படுத்த நேரம், விழித்த நேரம், குடித்த காபி ஆகியவற்றை இன்றிலிருந்தே குறித்து எடுத்துச் செல்லுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அந்தச் சந்திப்பு வரைகூடக் காத்திருக்காதீர்கள். அன்றே நெருங்கியவர் ஒருவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.