5 டாலர் கூலியும் பூட்டிய கதவும்

கேள்வி: ஹென்றி ஃபோர்டு 1914ஆம் ஆண்டிலேயே தம் ஆலையில் நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியமும் 8 மணி நேர வேலையும் கொடுத்துவிட்டார். அமெரிக்காவின் தொழிலாளர் நலச் சட்டங்கள், சங்கம், வேலைநிறுத்தம் என்ற கூச்சல் எதுவும் இல்லாமல் முதலாளிகளின் தொலைநோக்கால் வந்தவைதானே? (வாசகர் ஒருவர், கோவை)

பதில்: ஆண்டும் தொகையும் சரி, காரணம்தான் தவறு. 1913இல் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பட்டையில் கார்களைப் பாகம் பாகமாகப் பொருத்தும் முறை வந்தபோது, நாள் முழுவதும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சலிப்பைத் தாங்க முடியாமல் ஆட்கள் விலகிக்கொண்டே இருந்தார்கள். ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்யும் ஆலையை ஓட்டுவதற்கு அந்த ஓராண்டில் 50,000க்கும் அதிகமானோரைப் புதிதாகச் சேர்க்க நேர்ந்தது. ஆள் நிற்காததால் கூலி ஏறியது. அந்த 5 டாலரிலும் பாதிக்கு மேற்பட்ட தொகை 'இலாபப் பங்கு' என்ற பெயரில் வந்தது. தொழிலாளி குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீட்டில் வாடகைக்கு ஆள் குடிவைத்திருக்கிறாரா என்றெல்லாம் வீடு தேடி வந்து விசாரித்த கம்பெனி ஆய்வாளர்களுக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அது கைக்குக் கிடைத்தது. தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்ய ஃபோர்டுக்கு 1941 வரை மனம் வரவில்லை. அதுவும் அவருடைய ரூஜ் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த பிறகுதான் வந்தது.

'கூச்சல்' என்கிறீர்கள். 1909 நவம்பரில் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் மாறி மாறிப் பொறுமையை உபதேசித்துக்கொண்டிருந்தபோது, கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுத் தையல் தொழிலாளி மேடையேறி, பேச்சுக் கேட்டது போதும், பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று யித்திஷ் மொழியில் அறைகூவினார். சுமார் 20,000 பேர், பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள், தெருவில் இறங்கினர். அடியாட்களின் உதையையும் போலீசின் தடியையும் தாங்கினர். பல சிறு முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். பெரிய கம்பெனிகளில் ஒன்றான டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை, கூலியிலும் நேரத்திலும் சற்று இறங்கி வந்ததே தவிர, சங்கத்தை ஏற்க மறுத்துவிட்டது.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை வேலை முடியும் நேரத்தில் அதே தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் தொழிற்சாலை இருந்தது. தீயணைப்புப் படையின் ஏணியோ ஆறாம் தளத்துக்கு மேல் எட்டவில்லை. வீட்டுக்குப் போகும் பெண்களின் கைப்பையைச் சோதிப்பதற்காக ஒரு பக்க வழியை மட்டும் திறந்து வைப்பது அங்கு வழக்கம் என்பதால், ஒன்பதாம் தளத்தின் மற்றொரு கதவு பூட்டிக் கிடந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள். கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் உரிமையாளர்களுக்குத் தெரியும் என்பது ஐயமற நிறுவப்படவில்லை என்று சொல்லி, நடுவர் குழு இருவரையும் விடுவித்தது. 1913இல் அவர்களில் ஒருவர் மறுபடியும் வேலை நேரத்தில் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார்; அபராதம் 20 டாலர். தொலைநோக்கு என்று நீங்கள் சொல்வதை நான் இங்கேதான் தேடிப் பார்க்கிறேன்.

நீதிமன்றங்களையும் விட்டுவிடக் கூடாது. ரொட்டிக் கடைத் தொழிலாளர் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிப்பதாகக் கூறி, 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விபத்தில் அடிபட்ட தொழிலாளிக்குக் கட்டாய இழப்பீடு தரும் சட்டத்தை நியூயார்க் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தள்ளுபடி செய்த நாள் 1911 மார்ச் 24, அதாவது தீ விபத்துக்கு முந்தின நாள். மாநில அரசமைப்பையே திருத்திய பிறகுதான் அந்த இழப்பீட்டுச் சட்டம் மீண்டும் வர முடிந்தது.

ஆகவே, பழம் நழுவிப் பாலில் விழுந்ததைப் போலச் சட்டங்கள் வரவில்லை. தீ விபத்தை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற சமூகப் பணியாளர், அதன் பிறகு அமைந்த சட்டமன்ற விசாரணைக் குழுவின் தலைவர் ராபர்ட் வாக்னரையும் துணைத் தலைவர் ஆல் ஸ்மித்தையும் ஆலை ஆலையாக இழுத்துச் சென்றார். கயிறு ஆலையில் பத்து மணி நேர இரவு வேலை முடித்துத் தள்ளாடி வெளியேறும் பெண்களை விடியற்காலையில் ஸ்மித்துக்குக் காட்டினார். 'தீ தப்பு வழி' என்று எழுதியிருந்த சிறு சுவர்த்துளை வழியாக, பனி உறைந்த ஏணி இருக்கும் இடத்துக்கு வாக்னரையே தவழ்ந்து போக வைத்தார். இருவரும் டாமனி ஹால் என்ற, ஊழலுக்குப் பேர்போன கட்சி இயந்திரத்தின் ஆட்கள். குடியேறிகளின் ஓட்டு கைநழுவுகிறது என்ற கணக்கும் அவர்களுக்கு இருந்தது. இருக்கட்டுமே! நல்ல சட்டம் நல்லவர்களால்தான் வர வேண்டும் என்று காத்திருந்தால், நியூயார்க்கில் இன்னும் சில கட்டடங்கள் எரிந்திருக்கும்.

பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைத்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில்கூட, உணவு டப்பா அடைக்கும் ஆலைகளுக்கு விலக்குக் கொடுக்க நேர்ந்தது. விலக்கோடாவது சட்டம் வரட்டும் என்று பெர்கின்ஸ் எடுத்த முடிவைச் சக சீர்திருத்தவாதிகள் சிலர் கண்டித்தார்கள். என் பார்வையில் அவர் செய்தது சரி, ஏனென்றால் அடுத்த ஆண்டே அந்த ஆலைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது.

ஆனால் இத்தகைய விலக்குகள் எல்லாமே அப்படிச் சீக்கிரம் விலகவில்லை. 1933இல் பெர்கின்ஸ் நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அவர் காலத்தில் 1938இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் சேர்க்கவில்லை. தெற்கு மாநிலங்களில் இவ்விரு வேலைகளையும் பெரும்பாலும் கறுப்பினத்தவரே செய்துவந்தனர். அம்மாநில உறுப்பினர்களின் ஓட்டு இல்லாமல் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறாது. பண்ணைத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு 1966இலும், வீட்டு வேலை செய்வோருக்கு 1974இலும்தான் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது.