கூடாரத்துக்கு இடம் பிடிப்பது எப்படி? சில கேள்விகள், பதில்கள்

தேசியப் பூங்காக்களில் தங்க இணையத்தில் இடம் பதிவது பற்றித் திருகோணமலைப் பக்கத்தில் பலர் கேட்டவை. உப்புவெளியில் பயண ஒழுங்குகள் செய்து கொடுப்பவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூதூர்: அக்கா, கலிஃபோர்னியாவில் அண்ணா இருக்கிறார். அங்குள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இடம் பிடிக்கப் பெப்ரவரி 15 காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன், திறக்கவேயில்லை. அடுத்த நாள் பார்த்தால் எல்லாம் முடிந்துவிட்டது!

தம்பி, அந்த ஏழு மணி அவர்களுடைய பசுபிக் நேரம். நமக்கு அது இரவு 8.30. மார்ச்சில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றிய பிறகு 7.30. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் கோடைகால இடங்கள் பெரும்பாலும் ஐந்து மாதம் முன்னதாக, 15ஆந் திகதிகளில் திறக்கும். நீங்கள் குறிவைத்தது ஜூலை 15 முதல் ஓகஸ்ட் 14 வரையான நாட்கள். அதற்கு ஊரே அடிபடும்.

ரெக்ரியேஷன் டொட் கவ் என்ற அமெரிக்க அரசின் பதிவுத் தளத்தில் கணக்கை முதலே திறந்து, கார்ட் விபரமும் போட்டு வையுங்கள். இடம் உங்கள் கூடைக்குள் வந்தால் காசு கட்ட 15 நிமிடம்தான். என்னைக் கேட்டால், அண்ணாவே பதியட்டும். அவருக்கு அது விடியற்காலை வேலை, உங்களுக்கு வேகம் குறைந்த இணையத்தோடு மல்லுக்கட்டும் வேலை. இப்போதைக்கு, யாராவது இரத்துச் செய்தால் அறிவிக்கும்படி அதே தளத்தில் பதிந்துவிடலாம். கடைசி நேரத்தில் கைவிடுபவர்கள் நிறையப் பேர்.

கிண்ணியா: பயணத்தில் நின்றபடி பதியப் பார்த்தேன். காசு கட்டும் இடத்தில் ஓடிபி வரவேயில்லை. வெளிநாட்டு சிம்தான் போட்டிருந்தேன்.

இதுதான் எல்லோரையும் அழவைப்பது. வங்கி ஓடிபியை உங்கள் ஊர் நம்பருக்குத்தான் அனுப்பும். அந்த சிம்மைக் கழற்றிப் பைக்குள் போட்டால் அது எங்கே வரும்? இரண்டு சிம் போடும் ஃபோன் என்றால் ஊர் சிம்மும் உள்ளே இருக்கட்டும், ரோமிங்கை வெளிக்கிட முதல் போட்டு விடுங்கள். டேட்டாவை மட்டும் அதில் நிறுத்தி வைத்தால் டேட்டா பில் ஏறாது. கார்ட் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியிடம் கேளுங்கள். முடிந்தால் இன்னொரு வங்கியின் கார்டும் கையில் இருக்கட்டும்.

நிலாவெளி: வெளிநாட்டு நண்பர்கள் புறாத்தீவில் கூடாரம் போடக் கேட்கிறார்கள்.

முடியாது. 2003 முதல் அது தேசியப் பூங்கா, பகலில் போய்த் திரும்பலாம், அவ்வளவுதான். நிலாவெளிக் கரையில் டிக்கெட் எடுத்துப் படகேறுங்கள். பவளத்தில் ஏறி நிற்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

தம்பலகாமம்: 'வில்பத்து முகாம்' என்று ஒரு தளத்தில் பதிந்தோம். போய்ப் பார்த்தால் பூங்காவுக்கு வெளியே ஒரு தோட்டம். ஏமாற்றுத்தானே?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பெயர் அப்படித்தான் வைப்பார்கள். பூங்காவுக்குள் இருக்கும் முகாமிடங்களும் பங்களாக்களும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை. ஹோட்டல் தளங்களில் வருபவை அனேகமாக வெளியே, தனியார் காணியில். பதிய முதல் வரைபடத்தில் வாயில் எங்கே, முகாம் எங்கே என்று பாருங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம் தனியா என்றும் கேளுங்கள்.

உள்ளே இடம் கிடைத்தால் இன்னொன்று: வாயில் மாலை ஆறுக்கு மூடும். ஏ-12 வீதியில் அநுராதபுரம் வழியாகப் போகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டுவிட்டு வாயிலில் நின்று கெஞ்சுவதில் பலனில்லை.

பாலையூற்று: அமெரிக்காவில் பதிந்த இடத்துக்கு ஒரு நாள் பிந்திப் போனால்?

ரெக்ரியேஷன் டொட் கவ்வில் பதிந்தது என்றால், மறுநாள் இடம் விடும் நேரம் வரை பொதுவாக வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகும் ஆள் வராவிட்டால் மிச்ச நாட்களும் போய்விடும், ஆகவே அறிவித்துவிடுங்கள். முதலே இரத்துச் செய்தால் 10 டொலர் பிடிப்பார்கள். கடைசி நேரத்தில் என்றால் முதல் இரவுக் காசும் போகும். அறிவிப்பதை நகரத்தில் சிக்னல் இருக்கும்போதே செய்யுங்கள், மலைக்குள் போனால் ஃபோன் வெறும் டோர்ச்தான்.

அதே ஆள்: மகளின் பெயரில் பதிந்தால் நாங்கள் மட்டும் போகலாமா?

யோசெமிட்டியில் சரிவராது. பதிந்தவரோ, பதிவில் மாற்றாளாகப் பெயர் போட்டவரோ படத்தோடு கூடிய அடையாள அட்டையுடன் நேரில் நிற்க வேண்டும். பதியும்போதே மாற்றாளாக உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள்.