கன்னம் ஒட்டிப்போனதற்கு மாத்திரையை நிறுத்தலாமா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எனக்கு 48 வயது. 15 வருசமாக எச்.ஐ.வி. மாத்திரை போடுகிறேன். ரத்தத்தில் கிருமி தெரியவில்லை என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். ஆனால் 42 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. கன்னம் ஒட்டி, முழங்கால் வலித்து, என் அக்காவைவிடக் கிழவியாகத் தெரிகிறேன். மாத்திரைதான் என்னைத் தின்கிறதோ? நிறுத்தலாமா?"

நிறுத்தாதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம்.

ரத்தத்தில் தெரியாவிட்டாலும் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லை. சாம்பலுக்கடியில் கங்கு கிடப்பதுபோல உள்ளே ஓர் அழற்சி இருந்துகொண்டே இருக்கிறது. ரத்தக் குழாயையும் எலும்பையும் வயதுக்கு முன்பே தேய்ப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. மாத்திரையை விட்டால் கங்கு பற்றிக்கொள்ளும். 33 நாடுகளில் 5,472 பேரிடம் செய்து 2006இல் வெளிவந்த ஆய்வில், சிகிச்சையை இடையிடையே நிறுத்தி எடுத்தவர்களிடம்தான் மரணமும் இதய, சிறுநீரக, ஈரல் நோய்களும் அதிகமாக இருந்தன.

உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறுமில்லை. ஸ்டாவுடின், சிடோவுடின் போன்ற பழைய மருந்துகள் கன்னக் கொழுப்பைக் கரைத்தன. ஆரம்பத்தில் உங்களுக்கு எது தந்தார்கள் என்று கேளுங்கள். டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் பழைய வகை எலும்பையும் சிறுநீரகத்தையும் கொஞ்சம் பாதிக்கும். மாதவிலக்கு சீக்கிரம் நின்றதும் எலும்புக்குக் கேடு. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரால், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்த்தார்களா? எச்.ஐ.வி.யோடு வாழும் 40 முதல் 75 வயதுக்காரர்களுக்கு பிடாவாஸ்டடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2023இல் தெரிய வந்தது. அந்த வகை மாத்திரை உங்களுக்கு வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் மாதவிலக்கு நின்றுவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

முழங்கால் விசயம் வேறு. கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய கால் அது. உங்கள் லயத்தில் இந்த நோய் இல்லாத பெண்களையும் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் சுவரைப் பிடித்து எழுந்திருக்கிறார்கள் என்று. எல்லாப் பழியையும் கிருமிமேல் போட்டால் முழங்காலுக்கு யாரும் மருந்து பார்க்க மாட்டார்கள்.

ஒன்று முக்கியம். கல்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ தந்தால், டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மாத்திரையோடு வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்காதீர்கள், அது எச்.ஐ.வி. மருந்தை உடம்பில் சேரவிடாது. ரொட்டியோ சோறோ சாப்பிடும்போது இரண்டையும் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் முதலில் டோலுடெக்ராவிர், 2 மணித்தியாலம் கழித்து மற்றது. வெற்றிலைக்குப் புகையிலை சேர்ப்பீர்களானால் அதையும் விடப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போங்கள். நிறுத்திவிடலாம் என்று நினைத்ததையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.